கருஞ்சேம்புக்கு ஆறு மாத வைத்தியம்

தொட்டியிலிருந்து செடியை உருவியதும் முதலில் வந்தது நாற்றம். மீன் கடை கழுவிய தண்ணீர் கால்வாயில் அரைநாள் தேங்கி நின்றால் ஒரு வாடை வருமே, கிட்டத்தட்ட அது. சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்துச் செடியைப் படுக்க வைத்திருந்தேன். அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“இதற்கா இவ்வளவு நாளும் குடம் குடமாக ஊற்றினாய்?”

“சேம்புக்குத் தண்ணீர் வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அத்தை?”

“நான் சொன்னது லயத்துச் சாக்கடை ஓரத்துச் சேம்பை. அங்கே தண்ணீர் ஓடும். இங்கே நின்று ஊறியிருக்கிறதே!”

ஓடுகிற தண்ணீருக்கும் நிற்கிற தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புரிவதற்குள் இரண்டு மாதமும் மூன்று இலைகளும் போய்விட்டிருந்தன.

செடியின் பெயர் அலொகேசியா. செடிக்கடைகளில் பொதுவாக மலாயில் கெலாடி என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டில் அத்தை வைத்த பெயர் கருஞ்சேம்பு. அம்புமுனை வடிவத்தில் கரும்பச்சை இலை, அதன்மேல் யாரோ சுண்ணாம்பில் கோடு இழுத்ததுபோல வெள்ளை நரம்புகள், ஓரமெல்லாம் அலை அலையாக வெட்டு. கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த செப்டம்பர் மாதம், தம்பி சுங்கை பூலோவிலிருந்து 35 ரிங்கிட் கொடுத்து வாங்கி வந்தான். சுங்கை பூலோவில் இத்தனை செடிக்கடைகள் வரிசையாக இருப்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1930-இல் அங்கே தொழுநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்றார்கள். இன்றைய கடைகள் பலவும் நிற்பது அந்த நிலத்தில்தான்.

மண்ணில் குத்தியிருந்த அட்டையில் ‘அமேசோனிகா’ என்று எழுதியிருந்தது. அமேசான் காட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அமெரிக்காவின் மியாமியில் ‘அமேசான்’ என்று பெயர் வைத்திருந்த ஒரு செடிப்பண்ணையில் 1950-களில் உருவாக்கிய கலப்பினம் இது. பெற்றோர் இருவரும் ஆசியாவைச் சேர்ந்தவர்கள்: ஒன்று பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவுச் செடி, மற்றது மலாயா, போர்னியோ பக்கத்துக் காடுகளில் வளரும் லாங்கிலோபா என்ற அலொகேசியாவின் ஒரு வகை. ஆக, பாதி உள்ளூர்க்காரி. நம் ஊர் வெக்கையும் ஈரமும் இவளுக்குப் பழகியவைதான். தெரியாதது தொட்டிக்குள் குடியிருப்பது.

முதல் கோளாறு நவம்பரில் தெரிந்தது. ஐந்து இலைகளில் அடியில் இருந்தது மஞ்சளாகத் தொடங்கி ஒரே வாரத்தில் எலுமிச்சை நிறத்துக்குப் போயிற்று. செடிக்குத் தாகம் என்று முடிவு கட்டினேன். அத்தை பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் சேம்பு எப்படிச் சேற்றில் செழித்தது என்பதை அவர் விவரித்தது என் முடிவுக்கு வலுச் சேர்த்தது. வாரம் ஒரு முறை ஊற்றியவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றத் தொடங்கினேன்.

இப்போது யோசித்தால் அந்த முதல் இலைக்கு நோயே இல்லை. அலொகேசியா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து இலை. நடுவிலிருந்து புதியது சுருள் விரித்தால் அடியில் உள்ள மூத்தது விடைபெறும். செடி அதிலிருக்கும் சத்தை உறிஞ்சிக்கொண்டுதான் அதை உதிர்க்கும். அன்றும் நடுவில் ஒரு குருத்து பென்சில்போல நீட்டிக்கொண்டு நின்றது. அதை நான் பார்க்கவில்லை, மஞ்சளை மட்டுமே பார்த்தேன்.

இரண்டாவது அறிகுறி இன்னும் வேடிக்கையானது. அதிகாலையில் இலை நுனிகளில் கண்ணாடி மணிபோல ஒரு சொட்டு நிற்கும், விழும், மறுபடி நிற்கும். தரையில் நாணயம் அளவு ஈரம். செடி அழுகிறது என்று மகள் சொன்னாள். இது நீர் வடிதல்தான். இரவில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது இலை வழியே நீராவி அதிகம் போகாது. வேரோ தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மிஞ்சியது இலை விளிம்பில் உள்ள நுண்துளைகள் வழியாகச் சொட்டும். சேம்பு இனத்துக்கு இது இயல்பு. ஆனால் தினமும் சொட்டினால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். அந்தத் துப்பையும் கோட்டைவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவை கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள். தொலைக்காட்சி வெளிச்சத்தில் நடந்து திரியும், தேநீர்க் கோப்பையில் விழும். பசை தடவிய மஞ்சள் அட்டை வாங்கி மண்ணில் குத்தினேன். இரண்டே நாளில் எள் தூவியதுபோல ஆயிற்று. இவற்றின் புழுக்கள் மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்தில், ஈரத்திலும் பூஞ்சையிலும் வளர்பவை. உருளைக்கிழங்கைத் துண்டாக வெட்டி மண்மேல் வைத்து மறுநாள் திருப்பிப் பார்த்தால், கறுப்புத் தலையோடு கண்ணாடி நூல் துண்டுகள்போல நெளியும். நானும் வைத்துப் பார்த்தேன், ஏழு இருந்தன. அட்டையில் ஒட்டுவது பெரிய ஈ மட்டும்தான். மண் காயாதவரை குடும்பம் பெருகிக்கொண்டே இருக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் தண்ணீரை நிறுத்தவில்லை என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஏன் நிறுத்தவில்லை? நான் படித்த குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. வீட்டுக்குள் கணப்பு ஓடினால் காற்று வறளும், ஆகையால் இலைமேல் தண்ணீர் தெளி, தட்டில் கூழாங்கல் போட்டு நீர் நிரப்பி அதன்மேல் தொட்டியை வை என்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இங்கே செடிக்குத் தண்ணீர்த் தட்டு எதற்கு? கூழாங்கல் தட்டு வைத்த மூன்றாம் நாள் அத்தை அதைத் தூக்கிக் கவிழ்த்தார். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு கரண்டித் தண்ணீர் போதும். வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சுகாதார அதிகாரிகள் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சட்டித் தட்டைத்தான்.

பொங்கல் முடிந்த வாரம் மூன்று இலைகள் ஒன்றாக மஞ்சளாயின. மேல் இலையும் அதில் ஒன்று. தண்டுகள் வேகவைத்த கீரைத் தண்டுபோலத் துவண்டு தொட்டி விளிம்பில் சாய்ந்தன. விரலை மண்ணில் விட்டேன், சில்லென்று ஈரம். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அது தண்ணீர் இல்லாத வாட்டம் அல்ல, தண்ணீரைக் குடிக்க வாய் இல்லாத வாட்டம். அப்போதுதான் உருவிப் பார்த்தேன்.

தவறு எங்கே என்பது தொட்டியைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. தம்பி கொடுத்தது ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டிதான். அழகுக்காக அதை நான் ஒரு பீங்கான் பூச்சாடிக்குள் இறக்கி வைத்திருந்தேன். பூச்சாடிக்கு அடியில் துளை இல்லை. அதில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர். செடி இரண்டு மாதமாக அதில் கால் ஊன்றி நின்றிருக்கிறது.

வேர் மூச்சு விடும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மண்துகள்களுக்கு இடையில் உள்ள காற்றறைகளில் தண்ணீர் நிரம்பி, வடியாமல் நின்றால் வேருக்குப் பிராணவாயு கிடைக்காது. வேர் சாகும். செத்த வேரில் பித்தியம் போன்ற நீர்ப்பூசண இனங்கள் புகுந்து மிச்சத்தையும் அழிக்கும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மேலே ஏறாது. இலை வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம்.

மண்ணைக் குழாய் நீரில் மெல்லக் கரைத்தேன். கையுறை போட்டுக்கொண்டேன். சேம்பு இனத்தின் சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கருணைக்கிழங்கு நறுக்கியவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும். ஒரு பக்கம் வேர்கள் பழுப்பாகக் குழைந்திருந்தன. ஒன்றை இரு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் காலுறைபோலக் கழன்று வந்தது, உள்ளே தையல் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. இது செத்த வேரின் சரியான அடையாளம். உயிருள்ளது வெள்ளையாக அல்லது வெளிர் மஞ்சளாக, கிள்ளினால் முளைப்பயறுபோல நறுக்கென்று ஒடியும். அப்படி மிஞ்சியவை நான்கே நான்கு. நடுவில் இன்னொரு வியப்பு: வேர்த்திரளுக்குள் ஒரு வலைப்பை. பண்ணையில் கன்றாக வளர்த்தபோது போட்டது. அதை எடுக்காமலே பெரிய தொட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்குள் இருந்த நார்த்தூள் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. கத்தரியால் வலையை வெட்டி எடுத்தேன். புதிதாகச் செடி வாங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே இதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கத்தியை மருந்துக்கடை ஆல்கஹாலில் துடைத்து, குழைந்த வேர்கள் எல்லாவற்றையும் வெட்டினேன். தண்டுக் கிழங்கின் அடியிலும் ஒரு ஓரம் மெத்தென்று இருந்தது. வெள்ளைச் சதை தெரியும்வரை சீவினேன். வெட்டுவாயில் இலவங்கப் பட்டைத்தூள் தூவு என்கிறார்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்று என்கிறார்கள். அத்தை கேட்காமலே மஞ்சள்தூளை அள்ளி அப்பிவிட்டார். மஞ்சள் உதவியதா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான்கு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்ததில் வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டியது. வேலை செய்தது அந்த நான்கு மணி நேரம் என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும் உறுதி: செத்த வேரை எந்தத் தூளும் எழுப்பாது.

கழுவும்போது வேருக்கு இடையில் சுண்டைக்காய் அளவில் பழுப்பு உருண்டைகள் ஆறு கிடைத்தன. குட்டிக் கிழங்குகள். அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன்.

நான்கு வேரால் மூன்று இலைகளைத் தாங்க முடியாது. முழுதாகப் பழுத்த இரண்டை வெட்டிவிட்டு, பாதிப் பச்சையாக இருந்த ஒன்றையும் திறக்காத குருத்தையும் மட்டும் விட்டேன். தொட்டியையும் சிறிதாக்கினேன், எட்டு அங்குலத்திலிருந்து நான்கு அங்குலத்துக்கு. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண்ணெல்லாம் குடிக்க ஆளில்லாமல் ஈரமாகவே கிடக்கும். மறுபடி அதே கதைதான்.

மண் கலவைக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. கெப்போங் பக்கத்துச் செடிக்கடை ஒன்றில் தேங்காய் மட்டைத் துண்டு, கருக்கிய உமி, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துணுக்கு மூன்றும் சிறு பைகளில் கிடைத்தன. உமியை மலாயில் ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். அடுப்புக்கரி வீட்டில் இருந்தது. குச்சியில் குத்திச் சுடும் இறைச்சியான சாத்தே சுட வாங்கியதில் மிச்சம். மட்டைத் துண்டு இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, நிலக்கடலை அளவுக்கு உடைத்த கரி அரைப் பங்கு. மட்டைத் துண்டை மட்டும் ஓர் இரவு ஊறவைத்து, தேநீர் நிறத்தில் இறங்கும் சாயத் தண்ணீரை இரண்டு தடவை கொட்ட வேண்டும். உப்பும் துவர்ப்பும் அதோடு போகும். தோட்டமண் ஒரு பிடிகூடச் சேர்க்கவில்லை. கலவையைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், ஊற்றி முடிப்பதற்குள் அடியில் வடிந்துவிட வேண்டும். என்னுடையது எண்ணி ஐந்து வினாடியில் வடிந்தது.

பிளாஸ்டிக் பையால் செடியை மூடி ஈரம் காக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. செய்யவில்லை. நம் ஊர்ச் சூட்டில் அது பூஞ்சைக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கும் வேலை.

எப்போது ஊற்றுவது என்பதற்குக் கிழமைக் கணக்கு உதவாது என்று அப்போதுதான் விளங்கியது. சாத்தே குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவுவேன், கார் எண்ணெய் பார்ப்பதுபோல. குச்சியின் கீழ்ப்பாதி கருத்து, கரித்தூள் ஒட்டி வந்தால் இன்னும் ஈரம். நுனியில் மட்டும் இலேசாக நனைந்திருந்தால் ஊற்றலாம். சமையல் தராசையும் பயன்படுத்தினேன். ஊற்றி வடிந்த பின் 410 கிராம், குச்சி காய்ந்து வரும் நாளில் 270. ஒரு மாதத்துக்குப் பிறகு தராசு வேண்டியிருக்கவில்லை, தூக்கினால் கைக்கே தெரிந்தது. மழை நாட்களில் எட்டு நாள் தாங்கியது. வறண்ட பிப்ரவரியில் நான்கே நாள். கறுப்பு ஈக்கள் இரண்டு வாரத்தில் தாமாகவே காணாமல் போயின.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

காற்றோட்டம் வேண்டும் என்று தைப்பூசத்துக்கு முதல் நாள் செடியைப் பால்கனியில், கம்பித் தடுப்பை ஒட்டி வைத்தேன். மறுநாள் விடியற்காலையில் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்பினோம். புதிதாக விரிந்திருந்த குருத்திலையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெளிறிய திட்டு, காகிதம்போல மொரமொரவென்று. பூஞ்சைப் புள்ளியோ என்று பயந்து, திட்டின் ஓரத்தில் சின்ன ஒட்டுத்தாள் துண்டுகள் நான்கை ஒட்டி எல்லை வைத்தேன். பூஞ்சையோ பாக்டீரியாவோ என்றால் மஞ்சள் வளையத்தோடு எல்லை தாண்டிப் பரவும். ஒரு வாரமாகியும் ஒட்டுத்தாளைத் தாண்டவில்லை. வெயிலில் வெந்தது.

ஆனால் இந்தப் பால்கனியில் வெயிலே படாது என்றல்லவா வீடு காட்டியவர் சொன்னார்? அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் வீடு பார்த்தது ஜூலையில். எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும்; மற்ற மாதங்களில் தெற்கே சாயும். ஆக ஜூலையில் நிழல், பிப்ரவரியில் தரையில் ஒன்றரை முழத்துக்கு வெயில். ஆண்டு முழுதும் ஒரே வெயில் என்று சொல்லிக்கொண்டு திரியும் நமக்கு இது தோன்றுவதே இல்லை.

கடிகாரமும் ஏமாற்றுகிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரைமணி முன்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணியளவில். பிப்ரவரியில் ஏறக்குறைய ஒன்றரை ஆகிவிடுகிறது. ‘மூன்று மணிக்கு மேல் வெயில் தணியும்’ என்று எழுதியிருப்பதைப் படித்து மூன்று மணிக்குச் செடியை வெளியே வைத்தால், அதற்கு அது ஒன்றரை மணி வெயில். ஒரு சனிக்கிழமை முழுக்க வெயில் விழும் இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் மணிவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், பாண்டி விளையாடப் போகிறாயா என்று கேட்டார்.

வெந்த இலையை வெட்டவில்லை. திட்டைச் சுற்றிப் பச்சை இருக்கும்வரை அது செடிக்குச் சோறு ஆக்கும். செடியைக் கூடத்துக்குள், பால்கனிக் கதவிலிருந்து நான்கடி தள்ளி வைத்தேன். வெளிச்சம் சரியாக இருந்தது, குச்சியும் சரியாகச் சொன்னது. தவறு மேலே இருந்தது. கூடத்துக் குளிர்சாதனம் (ஏசி) நேராக அதன்மேல் ஊதியது.

மார்ச் நடுவில் இலையின் கரும்பச்சை சாம்பல் பூத்தாற்போல மங்கியது. உற்றுப் பார்த்தால் ஊசி முனையால் குத்தியதுபோல ஆயிரம் வெளிர் புள்ளிகள். இம்முறை அவசரப்படவில்லை. குச்சி பார்த்தேன், தொட்டியை உருவி வேரைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று புது வேர்கள். பிரச்சினை கீழே இல்லை. இலையைத் திருப்பிக் கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்தேன். நடுநரம்பும் தண்டும் சேரும் மூலையில், மூச்சுப் பட்டால் கலையும் அளவுக்கு மெல்லிய வலை. வலையில் தூசி. தூசி நடந்தது.

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். விழும் மிளகுத்தூளில் சில துகள்கள் நகரும். விரலால் தேய்த்தால் தாளில் கோடு விழும். சிலந்திப்பேன். எட்டுக் கால், பூச்சி இனமே அல்ல. வறண்ட காற்று அதற்குக் கொண்டாட்டம். ஈரமானி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தபோது, குளிர்சாதனம் ஓடும் நேரத்தில் செடி அருகில் 52 விழுக்காடு, அதே நிமிடம் கதவுக்கு வெளியே 83. நான் கேலி செய்த குளிர்நாட்டு அறிவுரை எங்கள் கூடத்துக்கு மட்டும் கொஞ்சம் பொருந்தியது.

பேனை ஒழிக்க மருந்தைவிடத் தண்ணீரும் துணியும்தான் முக்கியம். தொட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மண் கொட்டாமல் செய்து, குளியலறைத் தூவு குழாயை இலையின் அடிப்பக்கமாகப் பிடித்து இரண்டு நிமிடம் கழுவினேன். பின்பு ஈரப் பஞ்சால் ஒவ்வோர் இலையையும் இரு புறமும் துடைத்தேன். பஞ்சு துருப்பிடித்த நிறத்துக்கு வந்தது. அதன் பிறகே வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கால் தேக்கரண்டி, அது கரைந்ததும் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி. பால்போல வெளுத்தால் சரி. எண்ணெய் மேலே மிதந்தால் தெளிக்காதீர்கள், இலையில் திட்டு விழும். விளக்கேற்ற விற்கும் ‘ஐந்து எண்ணெய்’ புட்டியை எடுத்துவிட வேண்டாம், அது கலப்பு. நாட்டு மருந்துக் கடையில் தனி வேப்பெண்ணெய் என்று கேளுங்கள். எப்போதும் இரவில் தெளிக்க வேண்டும், முதலில் ஒரே ஓர் இலையில். எங்கள் வீட்டில் வாடை மூன்று நாள் நின்றது. மகள் தோழிகளை அழைத்து வருவதை ஒத்தி வைத்தாள்.

ஒரு தடவை தெளித்துவிட்டு விட்டால் தெளிக்காததற்குச் சமம். சோப்பும் எண்ணெயும் முட்டையை அநேகமாகத் தொடுவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து, வளர்ந்து, தானே முட்டையிட ஒரு வாரம் போதும். ஆகவே நான்கு நாளுக்கு ஒரு முறை, மொத்தம் நான்கு முறை. மூன்றாம் முறையிலேயே தாளில் எதுவும் நகரவில்லை. நான்காவதையும் விடாமல் செய்தேன். செடியையும் குளிர்சாதனத்தின் நேர்க்காற்றிலிருந்து விலக்கி, புத்தக அலமாரிக்கு மறுபக்கம் மாற்றினேன்.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நோயாளிக்கு விருந்து வைக்கக் கூடாது. இரண்டாவது புது இலை முழுதாக விரிந்த பிறகு, நீரில் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு, மாதம் இருமுறை கொடுத்தேன். மண்மேல் வெள்ளை உப்புப் பூத்தால் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசிவிடுகிறேன், அவ்வளவுதான்.

ஆறு குட்டிக் கிழங்குகளின் கதை தனி. பழுப்புத் தோலை நகத்தால் உரித்துவிட்டு, மூடியுள்ள உணவு டப்பாவில் ஈர நார்த்தூள் பரப்பி, முனை மேலே பார்க்கப் பாதி புதைத்துக் குளிர்ப்பெட்டியின் தலைமேல் வைத்தேன். எது முனை, எது அடி என்று தெரியாமல் ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேன். அதுவும் வளைந்து மேலே வந்தது. ஒன்று வெள்ளைப் பூஞ்சை பிடித்துப் போயிற்று, இன்னொன்று இன்றுவரை கல்லாகக் கிடக்கிறது. நான்கு முளைத்தன. ஐந்தாவது வாரம் முதல் இலை, கட்டைவிரல் நகம் அளவில், நரம்புகூட வெள்ளையாகாமல் இருந்தது. ஒன்றில் மாவுப்பூச்சி தென்பட்டது. ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்ததோடு சரி.

இப்போது ஜூலை. தாய்ச்செடியில் நான்கு இலைகள், அதில் ஒன்றின் நடுவில் தைப்பூசத்து வெயில் திட்டு. பீங்கான் பூச்சாடியின் அடியில் வீட்டுக்காரர் ஓட்டை போட முயன்றார், அது இரண்டாகப் பிளந்தது. அதன் ஒரு பாதியில் இப்போது அத்தை கரிவேப்பிலைக் குச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

நேற்றுக் காலை அடியிலை மறுபடி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கை தண்ணீர்க் குவளைக்குப் போயிற்று, பழக்கதோஷம். குச்சியை உருவினேன், பாதிவரை கருப்பு. இலையைத் திருப்பி விளக்கடித்தேன், வலை இல்லை. நடுவில் சுருண்ட குருத்து இரண்டு அங்குலம் எழும்பியிருந்தது. குவளைத் தண்ணீரை நானே குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.